சூப்பர்வைசரின் பதினான்கு விநாடி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், பையன்கள் மட்டும் படிக்கும் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புக்கு நான் டீச்சர். முப்பத்தோரு பையன்கள். எனக்குப் பொறுமை குறைவு என்பது ஸ்டேஷன் ஷேர் ஆட்டோக்காரர்கள் வரைக்கும் தெரியும்.

ஓட்டப்பந்தயம் வைத்தால் எப்போதும் அதே மூன்று பேர்தான் பரிசு வாங்குகிறார்கள், மற்றவர்கள் கைதட்டியே ஓய்ந்துபோகிறார்கள் என்று எனக்கு நெடுநாள் எரிச்சல். அதனால் போன வருடம் ஒரு புது ஏற்பாடு செய்தேன். யாரும் யாரையும் ஜெயிக்க வேண்டாம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, கேட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை ஒவ்வொருவராக ஓட வேண்டும். போன மாதத்தைவிட நேரம் குறைந்தால் சார்ட்டில் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம். என் போனில் நான் நேரம் பார்ப்பேன், வகுப்புத் தலைவன் எழுதுவான்.

எங்கள் வகுப்பில் தலைவனை யாரும் லீடர் என்று கூப்பிடுவதில்லை. பாதிப் பேருடைய அப்பாக்கள் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கிறவர்கள். அதனால் அவன் சூப்பர்வைசர். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஒல்லியான உடம்பு, பாதி உடைந்த முன்பல். வரிசை கலைந்தால் கத்த மாட்டான். பக்கத்தில் போய்க் காதில் ஏதோ சொல்வான், வரிசை நேராகிவிடும். தொண்டை கிழியக் கத்தியும் எனக்கு நடக்காத காரியம் அது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

மூன்று மாதத்தில் சார்ட் முழுக்க நட்சத்திரமாகிவிட்டது. ஒருவன் விடாமல் எல்லாரும் மாதத்துக்கு ஒரு விநாடி குறைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் வந்து பார்த்துவிட்டு, "இதை ஆண்டு விழா மேடையில வெச்சிடலாம் டீச்சர்" என்றார். அன்று என் கால் தரையில் பாவவில்லை.

மறுவாரம் மதியச் சாப்பாட்டு நேரம். தெருநாய் ஒன்று சூப்பர்வைசரின் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு கேட்டிலிருந்து தொட்டிப் பக்கம் பாய்ந்தது. அவனும் பின்னாலேயே பாய்ந்தான். பழக்கதோஷம், என் வாய் தானாக எண்ண ஆரம்பித்தது. பத்து எண்ணுவதற்குள் தொட்டியடியில் செருப்பு அவன் கையில். சார்ட்டில் அவன் நேரமோ பதினான்கு விநாடி!

கூப்பிட்டேன். "நாயையே பிடிக்கிற. வெள்ளிக்கிழமை மட்டும் காலுக்கு என்னடா வந்துச்சு?"

அவன் செருப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நாந்தான் மிஸ் எல்லார்கிட்டயும் சொன்னேன். மொத தபாவே முழுசா ஓடிட்டா அப்பால எங்கேர்ந்து கொறைக்கிறது? மாசம் ஒரு செகண்டு கொறைச்சிக்கினு போனா எல்லாருக்கும் ஸ்டாரு வரும்ல?"

முப்பத்தோரு வாயில் ஒன்றுகூட மூன்று மாதமாக என்னிடம் உளறவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "யாருடா உனக்கு இந்த வேலையைச் சொல்லிக் குடுத்தது?"

"எங்க நைனா கதைதான் மிஸ். கம்பெனில ஒரு மாசம் டார்கெட்டுக்கு மேல பீஸு போட்டாரு. எல்லாரும் கைதட்டுனாங்களாம். அடுத்த மாசம் அதையே டார்கெட்டு ஆக்கிட்டாங்க. இப்ப அத்த முடிச்சிக்கினு அவரு ஊட்டுக்கு வர்றதுக்குள்ள நான் தூங்கிடுறேன். ஞாயித்துக்கெழம மட்டுந்தான் பாக்குறேன்."

என் கோபம் அப்படியே அடங்கிப்போனது. தன் வீட்டுக்கு வந்த பேஜாரு மற்ற முப்பது பேருக்கும் வந்துவிடக்கூடாது என்று அவன் காவல் காத்திருக்கிறான். நான் அதை ஏமாற்று என்று நினைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

"இங்க அப்படி இல்லடா. நீ எவ்வளவு வேகமா ஓடினாலும் அடுத்த மாசம் அதைக் கேக்க மாட்டேன்" என்றேன்.

"எல்லாரும் அப்பிடித்தான் மிஸ் சொல்வாங்க" என்றான். குரலில் துளிக் கோபம் இல்லை.

அடுத்த முதல் வெள்ளி, வரிசையைப் பார்த்து அவன் சொன்னது என் காதிலும் விழுந்தது. "நீங்க பழையபடியே ஓடுங்கடா. மொதல்ல நான் மட்டும் ஓடிப் பாக்குறேன்." ஓடினான். ஒன்பதரை விநாடி! மற்றவர்கள் ஒப்பந்தப்படி ஒரு விநாடி மட்டும் குறைத்தார்கள்.

அதற்கடுத்த மாதம் ஆண்டு விழா நெருங்கிவிட்டதால் தலைமையாசிரியரும் மைதானத்துக்கு வந்திருந்தார். சூப்பர்வைசர் முதல் ஆளாகக் கிளம்பினான். ஓடவில்லை. கையை வீசிக்கொண்டு, சந்தைக்குப் போகிறவன் மாதிரி நடந்தான். கண் மட்டும் என் மேல். நாற்பது விநாடி.

"என்ன டீச்சர் இது? போன மாசம் ஒன்பதரை. இந்தத் தடவை ஒன்பதுக்குக் கீழ வந்தாகணும்னு சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியர்.

முப்பத்தோரு தலைகளும் என் பக்கம் திரும்பின. எனக்கு மேடை ஆசை இல்லை என்று சொன்னால் பொய். புதுப் பட்டுப்புடவைகூட எடுத்து வைத்திருந்தேன்.

"நாற்பதுன்னு எழுதுப்பா" என்றேன் அவனிடம். "அது டார்கெட் இல்ல சார். அவன் ஓடினது, அவ்வளவுதான்."

தலைமையாசிரியர் முகம் சுருங்கிப்போனது. "அப்ப மேடைக்கு வேற ஏதாவது பார்த்துக்கறேன்" என்று திரும்பி நடந்தார். சூப்பர்வைசர் நாற்பது என்று எழுதிவிட்டு, நான் மேற்கொண்டு ஏதாவது சொல்வேனா என்று பார்த்துக்கொண்டே நின்றான். நான் அடுத்த ஓட்டத்துக்காகப் போனில் நேரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். அவன் வரிசைக்குப் போனான். ஒவ்வொரு காதாகப் போய் ஏதோ சொன்னான்.

அப்புறம் ஓடினார்கள் பாருங்கள்! ஒருவன் சட்டைப் பொத்தான் தெறிக்க ஓடினான். இன்னொருவன் நிற்கத் தெரியாமல் தொட்டியில் போய் மோதி, சிரித்துக்கொண்டே எழுந்தான். எனக்கும் சிரிப்பு, அழுகை இரண்டும் சேர்ந்து வந்தது. சூப்பர்வைசருக்கு எழுதி மாளவில்லை.

எல்லாரும் முடித்த பிறகு சூப்பர்வைசர் நோட்டை என் கையில் கொடுத்தான். "மிஸ், நான் இன்னொரு தபா ஓடவா?"

நான் போனைத் தூக்கினேன்.

"அது வேணாம் மிஸ். சும்மா ஓடுறேன்."

போனைப் பைக்குள் போட்டேன். அவன் ஓடினான். நான் வாய்க்குள்கூட எண்ணவில்லை.