நாலு பேர் ஓட்டுகிற போர்டு

ஏலக்காயில் எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் தங்கி நிற்பதுதான் முதல் தரம். போடியில் ஒரு குடோனில் பத்து வருடமாக அதைத்தான் பிரித்துக்கொண்டிருந்தேன். அதனாலோ என்னவோ, எதைப் பார்த்தாலும் இதில் பெருசு எது என்றுதான் என் கண் முதலில் தேடும். கணினிப் போர்டு வாங்க நினைத்தபோதும் அப்படித்தான் தேடியது.

மேசையை அடைக்கிற கணினி இல்லை இது. சீட்டுக்கட்டு அளவில் ஒரே ஒரு போர்டு. மெமரி கார்டைச் செருகி டிவியோடு இணைத்தால் லினக்ஸ் என்கிற இயங்குதளம் அதில் ஓடும். பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற நான், செல்போனில் வீடியோ பார்த்தே லினக்ஸ் பழகியவள். பழைய லேப்டாப்பில் எழுதிய சின்னச் சின்ன நிரல்களை இணையத்தில் போட்டுவைத்திருந்தேன். அவற்றைப் பார்த்துவிட்டு மதுரையில் ஒரு சிறிய நிறுவனத்திலிருந்து கேட்டார்கள்: அறையின் வெப்பத்தை அளந்து சேமிக்கிற நிரல் ஒன்றை எழுதி, இப்படியொரு போர்டில் ஓட்டிக் காட்ட முடியுமா? ஒரு மாதம் அவகாசம். பிடித்திருந்தால் வீட்டிலிருந்தே வேலை. எந்தப் போர்டு என்பது என் விருப்பம்.

அந்த வேலை என் கணவருக்காகவும் எனக்கு வேண்டியிருந்தது. போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு அவருடையது. வருடக்கணக்காக வளைவுகளில் குலுங்கி முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. ஜீப்பை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். "விட்டுட்டு? இவ பிரிக்கிற ஏலக்காய மென்னுக்கிட்டு உக்காந்திருக்கவா?" என்று டாக்டரிடமே சிரித்தார். மறுநாள் விடியலில் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், "வலியா? எனக்கா?" என்பார். இன்றுவரை ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் பாயில் குப்புறப் படுத்திருக்க, நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே போர்டுக் கதையைச் சொன்னேன். அத்தை மகன் என்பதால் சின்ன வயதிலிருந்தே அவர் எனக்கு மாமாதான்.

"ரெண்டு இருக்கு மாமா. ஒண்ணு புதுசு. மெமரி ரெண்டு மடங்கு, வெலையும் கொறைவு. இன்னொண்ணு பழைய மாடல், கூடக் கொஞ்சம் ஆகும். புதுசையே வாங்கிருவோமா?"

"வழியில நின்டுபோச்சுன்னா யாரு சரிபண்ணுவா?"

"என்னது?"

"ஜீப்பு வாங்கையில நாங்க வேகத்தயா பாக்குறோம்? குரங்கணியில நின்டுபோனாலும், மெட்டுல நின்டுபோனாலும், இதுக்கு வைத்தியம் தெரிஞ்சவன் நாலு பேரு இருக்கானான்னுதான் பாக்குறோம். நாலு பேரு ஓட்டுற வண்டிதான் நமக்கு வண்டி. ஒத்தையா நிக்கிற வண்டி கண்காட்சிக்குத்தான்."

கையில் துணி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று சாயங்காலம் இரண்டு போர்டுகளுக்கும் ஆட்கள் கேள்வி கேட்கிற இணையப் பக்கங்களைத் திறந்து பார்த்தேன். புதியதன் பக்கத்தில் ஒருவர், லினக்ஸ் புதிய பதிப்பு ஏற மாட்டேன் என்கிறதே என்று கேட்டிருந்தார். மாதக்கணக்காக யாரும் பதில் சொல்லவில்லை. கீழே அவரே, "யாராவது இருக்கிறீர்களா?" என்று மறுபடி கேட்டிருந்தார். அதைப் படிக்கப் பாவமாக இருந்தது. பழைய போர்டின் பக்கமோ சந்தைபோல இரைந்தது. ஒரு கேள்விக்கு ஏழெட்டுப் பேர் பதில் சொல்கிறார்கள், தங்களுக்குள் சண்டையும் போட்டுக்கொள்கிறார்கள்.

பொங்கலுக்குக் குடோனில் கொடுத்ததை வைத்து ஒன்றுதான் வாங்க முடியும். பழையதையே வாங்கி, தூசி படாமல் ஒரு சோப்பு டப்பாவுக்குள் பொருத்தினேன்.

"ஏ மதினி, சோப்பு டப்பாவுக்குள்ள கம்ப்யூட்டராமே? தொவைக்குமா?" என்றாள் குடோனில் என் பக்கத்தில் உட்கார்கிறவள்.

"தொவைக்கும். ஒன் வாயத்தான் மொதல்ல தொவைக்கணும்" என்றேன்.

சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். போர்டு சும்மா இருக்கும்போது நன்றாக இருந்தது. நிரலைத் தொகுக்கிற கனமான வேலையைக் கொடுத்தால் பாதியில் அணைந்துவிடும். மெமரி கார்டை மாற்றினேன். லினக்ஸை அழித்துத் திரும்ப ஏற்றினேன். மூன்று வாரம் போய்விட்டது, அணைவது நிற்கவில்லை. அவர் பெல்ட்டை இன்னும் ஒரு துளை இறுக்கிக் கட்டுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை ஓடவில்லை.

ஒரு காலையில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்தச் சந்தையில் போய்க் கேட்டேன். மத்தியானம் சோறு தின்று கைகழுவுவதற்குள் எந்த நாட்டுக்காரரோ ஒருவர் திருப்பிக் கேட்டிருந்தார்: எந்த சார்ஜரில் ஓட்டுகிறாய்?

செல்போன் சார்ஜரில்தான். அது போதாதாம். வேலை கூடும்போது போர்டுக்கு மின்சாரம் பற்றாமல் மூச்சு நின்றுவிடுகிறதாம்.

"மேடு ஏறையில டீசல் பத்தல, அம்புட்டுத்தான்" என்றார் மாமா. எஸ்டேட் ஆட்களை இறக்கிவிட்ட கையோடு தேனிக்குப் போய், சரியான அடாப்டரை வெரசா வாங்கிவந்துவிட்டார். அதன்பின் போர்டு ஒரு தடவைகூட அணையவில்லை. "அந்த மனுசனுக்கு நல்லா இருங்கன்னு ஒரு வார்த்த எழுதிவிடு" என்றார். எழுதினேன்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் நிரலை அனுப்பினேன். அடுத்த வாரம் பதில் வந்தது, முதல் தேதியிலிருந்து வேலை என்று. அவர் பாயில் படுத்திருந்தார். ஒத்தடத் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னேன்.

"இனி நீங்க மெட்டுக்கு ஏற வேணாம் மாமா."

பாயிலிருந்து தலையைத் தூக்கினார். "இதுக்குத்தான் இம்புட்டு நாளும் அந்தப் போர்டோட மல்லுக்கட்டுனியா?" என்றார். நான் துணியை முதுகில் வைத்தேன்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கை மட்டும் பின்னால் வந்து, என் விரல்களைப் பிடித்து இடது பக்கம் நகர்த்தியது.

"இன்னும் கொஞ்சம் கீழ வையி. அங்கதான் வலிக்குது."