வேறு பேரில் வந்த பணம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர் லாரியில் வடநாடு சுற்றினேன், திருப்பூரில் சாயப்பட்டறையில் நின்றேன், கடைசியாகக் கடற்கரை ஊர் ஒன்றில் விடுதிக் காவலுக்கு இருந்தேன். விடுதியை மூடும்போது முதலாளி கையை விரித்தான். சம்பள பாக்கிக்கு ரூபாய் இல்லை, கிரிப்டோ காயின் தருகிறேன் என்றான். என் போனில் ஓர் ஆப்பை ஏற்றி அவனே அனுப்பினான். ஒரு காயின் ஒரு டாலராம். கூலியே தராமல் துரத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். வாங்கிக்கொண்டு கொல்லிமலைக்கு, அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அந்த ஆப்பில் விற்கும் முறை இதுதான். வாங்குகிறவன் என் பேங்க் கணக்கில் பணம் போடுவான். அதுவரை என் காயினை ஆப் நடுவில் பிடித்து வைத்திருக்கும். ‘பணம் வந்தது’ என்று நான் அமுக்கினால் காயின் அவனுக்குப் போய்விடும், பிறகு திரும்பாது. வாங்குகிறவன் பெயரில் உள்ள கணக்கிலிருந்துதான் பணம் வர வேண்டும் என்று ஆப்பே எச்சரித்தது. ஏன் என்று எனக்குத் தெரியும். விடுதியில் சமையல் செய்தவன் தன் காயினை விற்றபோது வேறு பேரில் பணம் வந்தது. அது யாரையோ ஏமாற்றிப் பிடுங்கிய பணம். பறிகொடுத்த ஆள் போலீசுக்குப் போக, சமையல்காரன் கணக்கை முடக்கிவிட்டார்கள்.

என் கணக்கு முடங்கினால் நஷ்டம் எனக்கு மட்டுமில்லை. அக்காவின் கணக்கு ஆதார் இணைக்காமல் செத்துக் கிடந்தது. அந்த வருஷத்து மிளகுப் பணத்தை வியாபாரி என் கணக்கில்தான் போட்டிருந்தார். எடுத்துக் கொடுத்துவிட்டு விற்கலாம் என்றால் அன்று ஞாயிற்றுக்கிழமை, ஏடிஎம்மும் காலி. காத்திருக்க எனக்கு வராது.

வீட்டில் சிக்னல் கிடையாது. ரோட்டு வளைவில், தடுப்புச் சுவர் ஓரம் நின்றால் கீழே சமவெளியிலிருந்து கிடைக்கும். நான் கிளம்பியதும் அக்காவும் செருப்பை மாட்டினாள்.

“நீ எதுக்கு வர்ற?”

“என் மொளகு உன் போன்ல இருக்குது சாமி. அது போற எடத்துக்கு நானும் வாரேன்.”

சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். விற்பதாகப் போட்டதும் ஒருவன் மாட்டினான். கொஞ்ச நேரத்தில் பேங்க் மெசேஜ் வந்தது. தொகை சரியாக இருந்தது. அனுப்பியது ஒரு பெண் பெயர்.

‘பணம் போட்டாச்சு சார், ரிலீஸ் பண்ணுங்க’ என்று ஆப்பில் எழுதினான்.

‘வேற பேர்ல வந்திருக்குதுங்களே?’

‘எங்க அண்ணன் அக்கவுண்ட் சார். சீக்கிரம்.’

அக்காவிடம் சொன்னேன். “அதுக்கென்ன, மொளகு வியாபாரியும் அவரு சம்சாரம் கணக்குல இருந்துதான போட்டாரு?” என்றாள்.

“வியாபாரி ஊடு உனக்குத் தெரியும். இவன் ஊடு எங்க?”

‘அண்ணன் பேரைச் சொல்லுங்க’ என்று எழுதினேன். ஆண் பெயர் ஒன்று வந்தது. மெசேஜில் இருந்த பெண் பெயரையும் சேர்த்து அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

“அப்ப இந்தப் பொம்பளதான் அண்ணனாட்ட இருக்குது” என்றாள். சிரிக்கவில்லை.

கணக்கு விவரத்தோடு என் நம்பரும் அவனிடம் போயிருந்தது. கூப்பிட்டான். “பணத்த வாங்கிட்டு ஏமாத்தறியா? போலீசுக்குப் போவேன்.”

“போங்க. நானும் வாரேன்.”

வைத்துவிட்டான். நான் அமுக்கவில்லை. ஆப்பில் புகார் எழுதிப் போட்டேன். காயின் நடுவிலேயே நின்றது.

“இப்ப என் பணம்?” என்றாள் அக்கா. அவள் மிளகும் யாரோ ஒரு பெண்ணின் பணமும் ஒரே கணக்கில் கிடந்தன. “காலைல மொத வேலையா பேங்க்குக்குப் போலாம்” என்றேன்.

மறுநாள் பேங்க் திறக்கும்போதே செம்மேட்டில் நின்றோம். மேனேஜர் என் சட்டையிலிருந்து செருப்பு வரைக்கும் பார்த்தார். “கிரிப்டோவா? உங்களுக்கு எப்படிங்க?” கூலியாக வந்தது என்றேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

“நீங்களா திருப்பி அனுப்பாதீங்க. எழுதிக் குடுங்க, பணம் வந்த பேங்க்க நாங்க கேக்கறோம். போலீஸ் புகார் இன்னும் வரல. வந்திருந்தா மொத்தக் கணக்கும் நின்னிருக்கும்” என்றார். அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்தார். அக்காவின் பணத்தை முழுதாக எடுத்தோம்.

அந்தப் பெண் யாரென்று இன்றுவரை தெரியாது. பணம் அவளுக்கே திரும்பியதாகப் பிறகு பேங்கில் சொன்னார்கள். ஆப் எனக்கே திருப்பிக் கொடுத்த காயினை, வரி பிடித்துக்கொண்டு வாங்கும் கம்பெனி ஒன்றுக்கே விற்றேன். பிடித்தது போக மீதி, கம்பெனி பேரிலேயே வந்தது. அப்போதும் மெசேஜைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுத்தான் பணத்தை எடுத்தேன்.

பேங்க் போன அன்று, திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பணப்பை முதலில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. ஒரு வளைவில் பஸ் சாய்ந்தபோது அதை எடுத்து ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள்.

“என்னைய நம்பலையா?”

“நம்பாம என்ன சாமி” என்றாள். பையை அங்கேயே வைத்திருந்தாள். அந்த வாரமே ஆதாரைக் கொடுத்துத் தன் கணக்கை உயிர்ப்பித்தாள். அவளுக்கென்று போன் இல்லை; கணக்கில் எந்த போன் நம்பரைச் சேர்ப்பது என்று பேங்கில் கேட்டபோது, நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரியின் நம்பரைச் சொன்னாள்.