இடது காலுக்கு ஒரு லகான்

தோல் தீய்கிற வாடை வந்தால் இன்றைக்கும் எங்கிருந்து என்று தேடிப் போவேன். காரணம் இருக்கிறது...

எங்கள் வீட்டுக்காரர் ராயபுரத்தில் ஜட்கா ஓட்டியவர். (பெயரைக் கேட்காதீர்கள், நான் சொல்வதில்லை.) குதிரை செத்துப்போனது. அதற்குள் ஜனங்கள் மோட்டார் பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். இவரும் மோட்டார் பழகி, லைசென்ஸ் வாங்கி, காதர் பாயின் பஸ்ஸுக்கு டிரைவர் ஆனார். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை ஓட்டம். காக்கிச் சட்டையில் அவரைப் பார்த்த அன்று திருஷ்டி சுற்றிப் போட்டேன்.

ஆனால் கிளட்ச் தீய்ந்துகொண்டே இருந்தது.

அந்தக் காலத்துப் பழைய வண்டிகளில் கிளட்சுக்குள் தோல்தான் வைத்திருப்பார்கள். கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் பெடலை மிதித்து, பதமாக விட்டு, காலை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் தோல் உரசி உரசிக் கருகிவிடும். வண்டி உறுமும், நகராது.

இரண்டாம் முறை தீய்ந்தபோது பாய் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னொரு தபா தோலு தீஞ்சுதுன்னா, வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். அப்பால பேஜாரு பண்ணாதே."

இவர் என்னிடம், "தோலே கலீஜ் தோலு மே, நான் இன்னா பண்றது?" என்றார்.

எனக்கு அந்தப் பதில் செரிக்கவில்லை. மறுநாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, அவருக்குப் பின்னால் இருந்த பலகையில் உட்கார்ந்தேன். தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது.

ஜட்காவில் இடது காலை முன்பலகையில் அழுத்தி ஊன்றிக்கொண்டுதான் குதிரையை ஓட்டுவார். அதே கால், அதே அழுத்தம்... இப்போது பலகை இருந்த இடத்தில் கிளட்ச் பெடல்! காலுக்கு அது தெரியவில்லை. பாவம், அவருக்கும் தெரியவில்லை.

சொன்னேன். "சரி மே, எடுத்துடறேன்" என்றார். எடுத்தார். நாலு கடை தாண்டியதும் கால் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டுச் சுவரில் ஆணியில் குதிரையின் லகான் தொங்கியது. அதை யாரும் தொடக்கூடாது. நான் எடுத்தேன்.

"அத்தத் தொடாதே மே!"

"செத்த குதிரைக்கு ஒசரத்துல மாட்டி வச்சிக்கீறே. உசுரோட கீற புள்ளைக்கு இன்னா வச்சிக்கீறே?"

லகானின் முனையில் சுருக்குப் போட்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன். இடது காலை நீட்டினார். அந்த மனுஷன் மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

மறுநாள் பஸ்ஸில், அவர் இடது கணுக்காலில் ஒரு முனை, பின்னால் என் கையில் மறு முனை. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் லகான். பெடல் மேல் கால் சும்மா தங்கினால் லேசாகச் சுண்டுவேன். எடுத்துவிடுவார்.

பஸ்ஸே சிரித்தது. "இன்னா யக்கா, குதிரைய நீ ஓட்டிகினு வர்றியா?" என்று ஒருவன் கத்தினான். இவர் திரும்பாமல், "ஆமா நைனா, ஒனக்கு இன்னா? ஒக்காரு" என்றார். ரோஷக்காரர்தான். ஆனால் லகானை மட்டும் அவிழ்க்கச் சொல்லவில்லை. நானும் விடுவதாக இல்லை. தினமும் போனேன்.

பிறகு சுண்டுவது குறைந்தது...

ஒருநாள் பாயே ஏறினார். திருவொற்றியூரில் திருவிழா, வண்டியில் மூச்சுவிட இடமில்லை. கிளம்புமுன் இவர் குனிந்து முடிச்சை அவிழ்த்து லகானை என் மடியில் போட்டார். நான் அதைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

ரயில் பாலத்து ஏற்றத்தில், எங்களுக்கு முன்னால் தோல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று நின்றுவிட்டது. பாதி மேட்டில் நாங்கள். இதே இடத்தில் முன்பெல்லாம் கிளட்சைப் பாதி மிதித்தே வண்டியை உருளாமல் பிடித்து வைப்பார். ஏற்கெனவே உரசித் தேய்ந்திருந்த தோல் தீய்ந்ததெல்லாம் இங்கேதான்.

அன்று கை பிரேக்கை இழுத்தார். கியரை எடுத்துவிட்டார். இடது காலைத் தரையில் வைத்தார். மாட்டுவண்டி நகர்கிறவரை அந்தக் கால் அசையவில்லை. பிறகு மிதித்தார், கியர் போட்டார், காலைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விட்டுக்கொண்டே கை பிரேக்கைத் தளர்த்தினார். வண்டி பின்னால் ஒரு அங்குலம்கூட உருளவில்லை, குலுங்கவும் இல்லை. பிள்ளை என் தோளில் தூங்கிக்கொண்டே இருந்தது.

இறங்கும்போது பாய் என்னிடம் சொன்னார்: "நாளைலேர்ந்து நீ வூட்ல இரும்மா. ஒன் வூட்டுக்காரன் தனியா ஓட்டுவான்."

ஓட்டினார். பிள்ளைகளைப் படிக்கவைத்து முடிக்கிற வரைக்கும் ஓட்டினார்.

இப்போது கிளட்சில் தோல் கிடையாது. வண்டிகளும் எவ்வளவோ மாறிவிட்டன. டிரைவர்களின் இடது கால் மட்டும் மாறவில்லை! பஸ்ஸில் ஏறினால் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. போன வாரம் ஒரு சின்ன வயசு டிரைவர், பெடல் மேலேயே கால் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். பொறுக்க முடியவில்லை.

"காலை எடு நைனா, கிளட்ச் பூடும்."

அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "இன்னாம்மா, வூட்டுக்காரரு டிரைவரா?"

"ஆமா" என்றேன்.

'இருந்தார்' என்று சொல்ல வாய் வரவில்லை.