பீலியில் வந்த வெள்ளைத் தண்ணீர்

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் கூட்டித் துடைத்தவள் நாகலெட்சுமி. இடுப்பு விட்டுப்போய், கொழுந்துக் கூடை சுமக்க முடியாத பிறகு கிடைத்த வேலை. போத்தல் கழுவுவாள், பினாயில் கரைத்துத் தரை துடைப்பாள், மிச்சத்தைப் பின்பக்கத்துக் கழிவுநீர்க் கானில் ஊற்றுவாள். செத்தவர்கள் குடித்து மிஞ்சிய மருந்தை ஊற்றும்போது மட்டும், "போயிரு, திரும்பி வராத" என்று நோயிடம் சொல்லி அனுப்புவாள். ஓடுகிற தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்று அப்படியொரு நம்பிக்கை. எங்கே கொண்டுபோகும் என்று அவளும் கேட்கவில்லை. படித்த டிஸ்பென்சர் லியனார்ட் மட்டும் கேட்டாரா என்ன?

அந்தக் கான் ஓடையில் விழும். ஓடைத் தண்ணீர், கீழே வரிசை வீடுகளாக இருக்கும் பணிய லயத்துப் பீலியில், ஒரு தகரக் குழாய் வழியாகக் கொட்டும். மகள் பூரணியை அந்த லயத்தில் கட்டிக்கொடுத்த பிறகுதான் நாகலெட்சுமிக்கு உறைத்தது. அன்றிலிருந்து, பெண்கள் தண்ணீர் பிடித்து மலைக்கு ஏறிய பிறகே வாளியைக் கவிழ்ப்பாள். பாவம், அவளால் ஆனது அவ்வளவுதான்.

ஐம்பத்து நான்காம் வருடம், மாரியம்மன் திருவிழா அன்று லியனார்ட் மருந்து அலமாரியைத் திறந்துவிட்டார்.

"நாளைக்குப் பெரிய டாக்டர் பார்வைக்கு வாறாரு. இந்தப் பழசெல்லாம் இப்பவே ஊத்திக் கழுவு."

"திருவிழா நாளுங்க ஐயா. பொழுது சாய ஊத்துறேனே."

"சொன்னதச் செய். இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராத."

வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். பணிய லயமே கோயிலில் நிற்கிறது, பீலியில் யார் இருக்கப்போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஊற்றினாள். கான் வெள்ளை வெளேரென்று ஓடியது.

கோயில் டிஸ்பென்சரிக்கும் மேலே. வருடாவருடம் பாலாபிஷேகத்துப் பால் ஓடையில் இறங்கிப் பீலியில் வெளுத்து வரும். கோயிலுக்குப் போக முடியாதவர்கள் அதைத் தீர்த்தம் என்று பிடித்துக் குடிப்பார்கள். இது நாகலெட்சுமிக்குத் தெரியாததல்ல. பதற்றத்தில் நினைவு வரவில்லை. நினைவு வந்தபோது போத்தலெல்லாம் காலி, கழுவி அடுக்கியும் ஆயிற்று. வலிக்கிற இடுப்போடு படியிறங்கி ஓடினாள்.

பூரணி பீலியடியில் நின்றாள். காய்ச்சல்காரக் குழந்தை தோளில் கிடந்தது.

"அம்மா, இந்த வருசம் ஆத்தா நெறைய்யக் குடுத்துட்டா! துப்பத் துப்பப் புள்ளைக்கு வாய் நெறையக் குடுத்துட்டேன்."

நாகலெட்சுமி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஏறினாள். வழியிலேயே அது வாந்தியெடுத்தது.

"என்ன குடிச்சிச்சு?" என்றார் லியனார்ட்.

"மாரியம்மன் தீர்த்தந்தாங்க ஐயா," என்றாள் பின்னால் வந்த பூரணி.

"தீர்த்தமில்ல. நான் ஊத்துனது," என்றாள் நாகலெட்சுமி. "அது என்ன மருந்துங்க ஐயா?"

பூரணி தாயையே பார்த்தாள். லியனார்ட் அலமாரியைப் பார்த்தார். ஒட்டியிருந்த பேரெல்லாம் எப்போதோ அழிந்துபோன போத்தல்கள். முகர்ந்து பார்க்க ஒரு சொட்டு மிச்சமில்லை. அவள்தான் பளிச்சென்று கழுவி அடுக்கியிருந்தாள்.

"எனக்கெப்படிம்மா தெரியும்?" என்றார்.

பெரிய டாக்டர் நாளைக்குத்தான் வருவார்.