மூடுபனியில் ஒரு பங்கு

மணிக்கட்டு வலி வந்த வருடம் என் பல் மருத்துவக் கிளினிக்கில் பாதியை, என்னுடன் வேலை பார்த்த இளைய டாக்டருக்கு விற்றுவிட்டேன். காலையில் மட்டும் போய்ப் பல் பார்ப்பேன். பிற்பகல்கள் சும்மா கிடந்தன. மலேசியாவின் ஈப்போவில் பிற்பகல் என்றால் மழைக்கு முந்திய வெக்கை, பிறகு மழை, பிறகு சுண்ணாம்புக் குன்றுகளின் இடுப்பில் தங்கிவிடும் மேகம். ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கண் திறந்துதான் இருக்கும். விழித்திருக்கிறாயா என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

என் அக்காவின் கணவரான அத்தானுக்கு அது பிடிக்கவில்லை. விற்ற பணமும் பேங்க்கில் தூங்குகிறது, நீயும் தூங்குகிறாய் என்றார். அவரும் நண்பர்கள் சிலரும் ஒரு குழு வைத்திருந்தார்கள். புதிதாகக் கம்பெனி தொடங்குகிறவர்கள் வந்து தங்கள் திட்டத்தைச் சொல்வார்கள். பிடித்துப்போனால் இவர்கள் சொந்தப் பணத்தைப் போட்டுப் பங்கு எடுத்துக்கொள்வார்கள். அதற்கு ஏஞ்சல் இன்வெஸ்டர் என்று பெயர். அத்தான் அரசாங்க எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், சந்தையில் மீன்காரியை அழவைத்துவிட்டு வரக்கூடியவர். அவரை ஏஞ்சல் என்று அழைக்க ஆள் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. தேநீர் நன்றாக இருக்கும் என்றார். போனேன்.

ஒரு ஹோட்டலின் சின்னக் கூட்ட அறை. அத்தான், ஒரு வழக்கறிஞர், ஒரு இரும்புக் கடை முதலாளி, இன்னும் ஓரிருவர்; குழுவில் பெண் என்று நான் ஒருத்திதான். அன்று வந்தவர்கள் இரண்டு பேர். முப்பது வயதை ஒட்டிய தமிழ்ப் பெண் ஒருத்தி, அவளுடைய கூட்டாளியான சீன இளைஞன் ஒருவன். இருவரும் சேர்ந்து கம்ப்யூட்டர் கேம் செய்கிறார்கள். அவள் படம் வரைவாள், அவன் கோட் எழுதுவான். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை.

அவள் வேகமாகப் பேசினாள். உலகத்தில் எத்தனை பேர் கேம் விளையாடுகிறார்கள், ஆசியாவில் எத்தனை பேர் என்று திரையில் ஏறுகிற கோடுகளாக வந்துகொண்டே இருந்தன. யார் சொல்லிக் கொடுத்தார்களோ, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரே மாதிரி சிரித்தாள். வழக்கறிஞர் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார். இரும்புக் கடைக்காரர், இதில் யாரைச் சுட வேண்டும் என்று கேட்டார். யாரையும் சுட வேண்டாம் என்றாள். அப்படியானால் எப்படி ஜெயிப்பது என்று அத்தான் கேட்டார். அவள் அடுத்த கோட்டுக்குப் போனாள். நன்றி, யோசித்துச் சொல்கிறோம் என்று முடித்துவிட்டார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

எல்லோரும் தேநீருக்கு எழுந்தபோது அந்தப் பையன் திரையை அணைக்க மறந்திருந்தான். அதில் அவர்களுடைய கேம் தானாக ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை மூடுபனி. அதற்குள் வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள். ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறாள். ஒரு மரத்தைத் தொடுகிறாள். மரத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வருகிறது, தூரத்தில் யாரோ வாளியைக் கீழே வைத்த மாதிரி. அந்தச் சத்தம் போகும் திசையில் பனி கொஞ்சம் விலகுகிறது. விலகிய இடத்தில் இன்னும் மரங்கள். கையில் தேநீரோடு நான் நின்றுகொண்டிருந்தேன். அத்தான் வந்து தோளைத் தொட்டபோது, எங்கே இருக்கிறேன் என்பது ஒரு நொடி பிடிபடவில்லை.

சில வாரம் கழித்து அதே பெண் கிளினிக்குக்கு வந்தாள். கடைவாய்ப் பல். என்னைப் பார்த்ததும் அவளுக்குச் சங்கடம். காசு கேட்டு வரவில்லை, உண்மையாகவே பல்தான் வலிக்கிறது என்று முதல் வேலையாகச் சொன்னாள். ஊசி போட்டு மரத்துப்போகும்வரை காத்திருந்த நேரத்தில், அந்த கேம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். மரத்த வாயில் பேச்சு வரவில்லை. கையை மட்டும் விரித்துக் காட்டினாள். அன்று கூட்டத்தில் அத்தனை பேசியவள் என் மனதில் நிற்கவே இல்லை. இப்போது பேச முடியாமல் படுத்திருந்தவளைத்தான் எனக்குப் பிடித்தது. போகும்போது வீங்கிய கன்னத்தோடு, ஒரு நாள் வந்து விளையாடிப் பாருங்கள் டாக்டர் என்றாள்.

ஈப்போவை ஒட்டிய லகாட்டில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்தது ஒரு வரிசை வீடு. முன்கூடம்தான் ஸ்டூடியோ. வெயில் திரையில் படக்கூடாது என்று ஜன்னலில் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் பழைய ஈயச் சுரங்கக் குளம் ஒன்று பச்சையாக அசையாமல் கிடந்தது. பகலில் அவள் பள்ளிப் பயிற்சிப் புத்தகங்களுக்குப் படம் வரைந்து கொடுத்தாள். அவன் கடைகளில் பில் போடும் இயந்திரங்களைப் பழுது பார்த்தான். மற்ற நேரமெல்லாம் மூடுபனிதான்.

எனக்கு கேம் விளையாடத் தெரியாது. கையில் கொடுத்த பொத்தான்களை அழுத்தினால் சைக்கிள் மரத்தில் போய் முட்டியது. மறுபடி முட்டியது. அவர்கள் பின்னால் உட்கார்ந்து ஒன்றுமே சொல்லவில்லை. அப்படி இருக்க அவர்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு வழியாக மரங்களைத் தொட்டுத் தொட்டு, பனியை விலக்கி, ஒரு குளத்துக்கு வந்து சேர்ந்தேன். திரையில் மழை தொடங்கியது. நான் கையை எடுத்துவிட்டேன். குளத்தில் துளிகள் விழுந்து வட்டம் வட்டமாகப் போயின. அந்தப் பெண் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றாள். நானும் நின்றேன், உட்கார்ந்திருந்த இடத்தில். எப்போது வெளியிலும் மழை வந்தது, எந்தத் துளி எந்தக் குளத்துச் சத்தம் என்று பிரிக்க எனக்குத் தோன்றவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவன் விளக்கைப் போட்டிருந்தான், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க யாரும் நிக்கல டாக்டர்," என்றாள். "விளையாடிப் பாத்தவங்க எல்லாரும் தாண்டிப் போயிட்டாங்க. நாங்க இந்த மழைக்கு மட்டும் ரொம்ப நாள் எடுத்துக்கிட்டோம்."

பிறகு நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அத்தானுடைய குழுவில் அதற்குப் பிறகும் சில முறை உட்கார்ந்து கேட்டுப் பழகிய கேள்விகள். முடிக்க இன்னும் எவ்வளவு காலம் பிடிக்கும், பணம் போட்டால் எதற்கெல்லாம் செலவாகும், எவ்வளவு பங்கு தருவீர்கள். அவள் இந்த முறை சிரிக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. கடைசியில் சொன்னாள்:

"இது சூசா தொழில்தான், ரொம்பக் கஷ்டம். போட்ட காசு திரும்பி வராமலே போகலாம், பெரும்பாலும் அப்படித்தான் ஆகுது. போனாலும் தாங்க முடியும்னா மட்டும் போடுங்க."

அன்று ஹோட்டல் அறையில் ஏறிய கோடுகள் எல்லாம் சேர்ந்து செய்யாததை இந்த ஒரு பேச்சு செய்தது. வீட்டுக்குக் காரோட்டி வரும்போதே மனதில் முடிவாகிவிட்டது. அன்றைக்குத் தூக்கத்தில் நான் சைக்கிள் தள்ளினேன். முட்டாமல் தள்ளினேன்.

அத்தான் கேட்டதும் தலையில் கை வைத்தார். இது முதலீடு இல்லை, தருமம் என்றார். நான் அதை அப்படியே அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று அடுத்த கணமே தோன்றியது. அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"தர்மம் வேணாம் டாக்டர். பங்கு எழுதி வாங்குங்க. நாளைக்கு நல்லா ஓடுனா நீங்க கேக்கணும், நாங்க குடுக்கணும். அதுதான் சரி."

குழுவிலிருந்த வழக்கறிஞரே பத்திரம் எழுதிக் கொடுத்தார். அதில் இல்லாத ஒரு வேலையும் எனக்கு வந்து சேர்ந்தது. வாரம் ஒரு பிற்பகல் போய் விளையாட வேண்டும். கேம் தெரிந்தவர்கள் தப்பு இருந்தாலும் சமாளித்துத் தாண்டிவிடுவார்களாம், நான்தான் எல்லா இடத்திலும் மாட்டிக்கொள்வேனாம். சீன இளைஞன் இதை மலாயும் ஆங்கிலமும் கலந்து மிகவும் மரியாதையாக எடுத்துச் சொன்னான். வருகிற நாளெல்லாம் 'டாக்டர், சாப்டாச்சா லா' என்று தமிழில் கேட்டு எனக்கு ஒரு காப்பி வாங்கி வைத்திருப்பான். மாட்டிக்கொண்ட இடமெல்லாம் அடுத்த வாரம் போகும்போது திருத்தப்பட்டிருக்கும்.

சத்தங்கள் எல்லாம் அவளே பதிவு செய்தது. ஒரு சத்தம் மட்டும் கிடைக்காமல் இருந்தது. வெயில் காலத்தில் மரத்திலேயே ரப்பர் கொட்டை வெடிக்கும் சத்தம். கோலா கங்சார் பக்கம் அவள் பிறந்த தோட்டத்தில் கோயிலுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் மரங்களை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்றாள். மற்றதெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். என் காரில் போனோம். உங்கள் அம்மாவையும் அழைத்து வந்திருக்கலாமே என்றேன். அம்மா அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டார் என்றாள். தனக்கும் அந்த இடத்தின்மேல் ஆசை ஒன்றும் இல்லை, சத்தம் மட்டும் போதும்.

மைக்கை ஒரு மரத்தில் கட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தோம். காற்று இல்லை. இலைகளுக்கு நடுவே வெயில் மெதுவாக இடம் மாறியது. கோயிலில் யாரும் இல்லை. நானும் வாய் திறக்கக்கூடாது என்பதால் எதுவும் கேட்கவில்லை. நேரம் போகப்போக மரங்கள் திரையில் பார்த்த மரங்களைப் போலவே ஆகிவிட்டன. எழுந்து போய் ஒன்றைத் தொட்டால் ஏதாவது கேட்கும் என்று நிஜமாகவே தோன்றியது.

அவள் மைக்கை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போது என்னைப் பற்றிக் கேட்டாள். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது, தாத்தா ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர் என்றேன். கிராணி என்றால் ஆபீசில் உட்கார்ந்து பேர் போட்டவர். பால் வெட்டியவர்கள் அவருக்கு முன்னால் வரிசையாக நின்றவர்கள். அவள் மூடியைத் திருகிப் போத்தலைக் கீழே வைத்தாள்.

"அப்ப எங்காளுங்க அவர் முன்னாடி நின்னிருப்பாங்க."

"நின்றிருப்பாங்க," என்றேன்.

 அவள் எழுந்து போனாள். மைக்கை மறுபடி போட்டாள். வெகு நேரம் கழித்துத் தலைக்கு மேல் எங்கோ 'டப்' என்று ஒரு கொட்டை வெடித்தது. சருகில் விதைகள் சிதறி விழுந்தன. பிறகு இன்னொன்று, தூரத்தில். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது காரில் என்னை டாக்டர் என்று கூப்பிடவில்லை, அக்கா என்றாள். எங்கள் யாழ்ப்பாண வழக்கில் நான் 'வாறன்' என்பேன், அவள் 'வாரேன்' என்பாள். அந்த வருடத்தின் முடிவில் நானும் வாரேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தான்தான் அதைக் கண்டுபிடித்துக் கேலி செய்தார்.

அத்தானை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து கேமைக் கையில் கொடுத்தேன். இது என்ன பைத்தியக்காரத்தனம், எங்கே போக வேண்டும் என்று யாருமே சொல்லவில்லையே என்று திட்டிக்கொண்டே ஆரம்பித்தார். பிறகு திட்டுவது நின்றது. அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். இதோ என்றார், எழவில்லை. மறுவாரம் இரும்புக் கடைக்காரரை அவரே அழைத்து வந்தார். கோடு போட்டுக் காட்டியபோது அசையாத இரண்டு பேரும் பங்கு எடுத்தார்கள். அவள் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் பேச்சைக் குறைத்துக்கொண்டு, முதலில் கேமைத்தான் கையில் கொடுத்தாள்.

கேமை வெளியிட்டது ஒரு மந்தமான பிற்பகலில். அவன் ஒரு பொத்தானை அழுத்தினான், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தோம், எதுவும் நடக்கவில்லை. பசிக்கிறது, போகலாம் என்றாள். கோழியும் தவ்கே என்கிற முளைப்பயறும் சாப்பிடப் போனோம். முதல் மாதங்களில் விற்பனை சொட்டுச் சொட்டாகத்தான் இருந்தது. பங்குப் பணத்திலிருந்து எடுத்துவந்த சம்பளத்தை நிறுத்திவிட்டு அவள் மறுபடி பயிற்சிப் புத்தகங்களுக்குப் படம் வரைந்தாள். கூட்டாளி தூங்காத முகத்தோடு வந்தான். அத்தான் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. பிறகு ஏதோ ஒரு குளிர் நாட்டில் யாரோ ஒருவர் இதை விளையாடுவதைக் காணொளியாகப் போட்டார். குளத்தின் அருகே கையை எடுத்துவிட்டு அவரும் உட்கார்ந்திருந்தாராம், பார்த்தவர்களும் அவரோடு சேர்ந்து. அதற்குப் பிறகு விற்பனை ஏறியது. பணக்காரர்கள் ஆகவில்லை. கடன் இல்லாமல் இருவரும் பகல் வேலையை விட்டுவிட்டு அடுத்த கேமைத் தொடங்கும் அளவுக்கு வந்தது. எங்கள் பங்குக்கும் கொஞ்சம் வந்தது. அத்தான் அதை எடுக்காமல் அடுத்ததில் போடச் சொன்னார்.

சென்ற மாதம் காம்பாரில் ஒரு கடைக்கு மேல்மாடியை எடுத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருப்பதால் ஆட்கள் கிடைப்பார்கள் என்று. சாமான் ஏற்றிப் போன அன்று நானும் போனேன். மின்சாரம் இன்னும் வரவில்லை. மேசைகளைத் தள்ளிவைத்துவிட்டு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். அடுத்த கேம் என்னவென்று கேட்டேன். ஒரு ரயில் நிலையம், ரயில் வராது என்றாள். அவன் தலையை ஆட்டி, வரும், ஆனால் நிற்காது என்றான். வருமா வராதா என்று இரண்டு பேரும் மெதுவாக வாதாடத் தொடங்கினார்கள். திறந்த ஜன்னலுக்கு அப்பால் மலை பாதிவரை மறைந்திருந்தது. நான் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.