கிணற்றடியில் தின்ற கந்தூரிச் சோறு

ஒட்டுசுட்டானில் நான் வயல்வேலை செய்த வீட்டில், மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தோட்டக்காட்டான் என்று என் தேநீர்க் கோப்பையை வேலியில் தனியாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அது எனக்குப் பழகிவிட்டது.

ஒருமுறை முல்லைத்தீவுப் பக்கம் ஒரு தர்காவின் கந்தூரி விருந்துக்குப் போனேன். அங்கே ஆறு பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடுவார்கள். சகன் என்று அதற்குப் பெயர். எனக்கும் இடம் விட்டார்கள். நானோ சோற்றை வாழையிலையில் வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

அந்தத் தர்காவின் சூஃபி பாவா, யுத்தகாலத்தில் ஊரைவிட்டு விரட்டப்பட்டுத் திரும்பியவர். அவர் எழுந்து வந்து என் இலையிலேயே கை வைத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

"ஒங்கள இங்க யாரும் துரத்தல்லயே தம்பி. நீங்களாத்தானே ஓடுறீங்க?"

கூச்சத்தில் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த கந்தூரிக்குப் போனபோது பாவா மவுத்தாகி அடக்கமாகியிருந்தார். அன்று சகனில் முதல் ஆளாக உட்கார்ந்தேன். அவரோடு அன்றைக்கு அந்த இலைச் சோற்றையாவது தின்று முடித்திருக்கலாம்.