ஜன்னல் வழியாக விற்ற பங்களா

கலாராணி பொய்க்காரி அல்ல. ஆனால் யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால், பதில் இல்லாமல் அவரை அனுப்பிவைப்பது அவளுக்கு மரியாதைக் குறைவாகப் படும்.

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையோரம் றில்வான் முதலாளியின் அலுவலக வளாகம் இருந்தது. மாடிக் கட்டடங்கள் இரண்டு, அலுவலகங்கள் பதினான்கு. நடுவில், நூற்று முப்பது வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களா. பழமையான வீட்டை இடிக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததால் அதைச் சுற்றியே மற்றவை எழும்பின. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தினமும் ரயிலேறி வந்து இத்தனையையும் பார்த்துக்கொள்வது கலாராணியின் வேலை. கொழும்பிலிருக்கும் முதலாளி மாதம் ஒருமுறை போன் எடுத்து, "பங்களாவ கூட்டினியா புள்ள?" என்பார்.

"கூட்டிட்டேங்க" என்பாள். அது உண்மை. எப்படி உள்ளே போனாள் என்று அவர் கேட்டதில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு காலையில், ஒரு கையில் பங்களாச் சாவியும் மறு கையில் வாழைப்பழத் தோலுமாக ரயில் ஜன்னலோரம் நின்றவள், தோலை எறிவதாக நினைத்துச் சாவியை எறிந்துவிட்டாள். பதுளையில் இறங்கும்போது தோல் பத்திரமாகக் கையில் இருந்தது. பஸாரிலிருந்து வந்த பூட்டுக்காரர் முன் கதவைத் தட்டிப் பார்த்து, "சீமைப் பூட்டும்மா, கழட்டணும்னா கதவையும் வெட்டணும். மொதலாளிகிட்ட கேட்டுட்டு கூப்புடு" என்று போய்விட்டார். கேட்கும் தைரியம் வரும்வரை சமையலறை ஜன்னலில் ஏறி இறங்கலாம் என்று கலாராணி முடிவு செய்தாள். கொக்கி உடைந்த ஜன்னல், ஒல்லியான உடம்பு, சிரமமில்லை. தைரியந்தான் வரவேயில்லை.

போன தை மாதம் முதலாளி வேறு விஷயம் பேசினார். "புள்ளைகள் எல்லாம் வெளிநாட்டுல. வளாகத்த விக்கப் போறேன். நாளைக்கு வாங்குற ஆக்கள் வாராங்க. பங்களாவ வடிவா காட்டு."

அன்றிரவு அவள் சோறு தின்னவில்லை.

வந்தவர்கள் றொமேஷும் அவர் மனைவி நிலுக்ஷியும். றொமேஷ் ஹோட்டல் நடத்துகிறவர். வயிறு முன்னே வந்து நின்றது, அவர் பின்னால் வந்தார். மாடிக் கட்டடங்களைப் போனில் பேசிக்கொண்டே பார்த்து முடித்தார். பங்களாப் படியில் ஏறி, "கதவைத் திறங்க" என்றார்.

கலாராணியின் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது. "முன் கதவு சாதாரண ஆளுங்களுக்குங்க, ஐயா. முக்கியமான விருந்தாளிங்கள துரை சமையக்கட்டு ஜன்னல் வழியாத்தான் கூப்புடுவாராம்."

"ஜன்னலாலயா? ஏன்?"

"பசியோட வர்றவங்க மொதல்ல அடுப்பப் பாக்கணும்னு சொல்லுவாராம்."

றொமேஷ் போனைக் காதிலிருந்து எடுத்தார். "எந்த ஜன்னல்?"

முக்காலி போட்டாள். அவர் தலை போனது, தோள் போனது, வயிறு போகவில்லை. சட்டைப் பையிலிருந்த போன் முற்றத்தில் விழுந்து, ஓயாமல் அலறியது. காலையில் காற்றுக்காகத் திறந்துவைத்த பக்கத்து ஜன்னலில் ஏறிக் குதித்துக் கலாராணி உள்ளேயிருந்து கையை இழுத்தாள். நிலுக்ஷி வெளியேயிருந்து தள்ளினாள். இரண்டு மாடிகளிலும் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வரிசையாக நின்றார்கள்.

"அந்தத் துரை எப்படிப்பட்ட ஆள்?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் றொமேஷ்.

"ஒல்லிங்க."

"விருந்தாளி விழுந்தா?"

"விழுந்து எந்திரிச்சா யோகம்னு சொல்லுவாங்க."

அவர் மூட்டை மாதிரி உள்ளே விழுந்தார். தரையில் கிடந்தபடியே வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு எழுந்து தூசியோடு அறை அறையாக ஓடினார்.

நிலுக்ஷி ஜன்னலுக்கு வெளியே நின்றபடி மெல்லக் கேட்டாள். "அக்கா, சாவி தொலைஞ்சு போச்சா?"

கலாராணிக்குக் கண் கலங்கிவிட்டது. வாழைப்பழத் தோல்வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவர்கிட்ட சொல்லாதீங்க" என்றாள் நிலுக்ஷி. "கல்யாணமாகி இருபது வருஷம். போனைக் கீழ விட்டுட்டு இவர் சிரிச்சதை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

இரண்டு நாளில் முதலாளி போன் எடுத்தார். "வாங்குறது உறுதியாம். ஆனா என்னமோ ஜன்னல் வழக்கம்னு சொல்றாங்களே? எங்க வாப்பா வாங்கி நாப்பது வருஷம், நான் கேள்விப்பட்டதே இல்லையே!"

"நீங்க கொழும்புலயே இருக்கீங்கல்ல முதலாளி, ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்றாள் கலாராணி. முதலாளி அதை ஒப்புக்கொண்டார்.

இப்போது பங்களா ஹோட்டலாகிவிட்டது. வெளிநாட்டு விருந்தாளிகள் ஜன்னல் வழியாகத்தான் நுழைகிறார்கள்; கீழே மெத்தை போட்டிருக்கிறது. முன் கதவுக்கு நிலுக்ஷி சத்தமில்லாமல் புதுப் பூட்டுப் போட்டு, சாவியைக் கலாராணியிடம் கொடுத்தாள். பழைய வழக்கங்களை எடுத்துச் சொல்வது இப்போது கலாராணியின் உத்தியோகம். றொமேஷ் ஆசைப்பட்டுக் கேட்டதால் இன்னும் இரண்டு வழக்கங்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் பொன்னையா பார்க்க வந்தார். தோட்டத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை செய்து ஓய்வானவர். முக்காலியைப் பார்த்ததும் வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"நான் ஏற மாட்டேன். எங்கப்பன் காலத்துல துரை பங்களா வாசல்ல நிக்க விடமாட்டானுங்க. இப்ப வாசலு அங்கன இருக்கையில என்னய ஜன்னல்ல ஏறச் சொல்றியா?"

கலாராணி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். சுற்றிப் போய் முன் கதவைத் திறந்தாள். பொன்னையா செருப்போடு நடுவாசல் வழியாக நுழைந்து, கூடத்திலிருந்த பெரிய நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அவள் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தார். "சாயமே இல்லையே புள்ள. இதயா வெள்ளக்காரனுக்கு குடுக்கிறீங்க?"

"அதுவும் ஒரு வழக்கந்தாங்க" என்றாள் கலாராணி.